பக்கத்து நாட்ட பத்தி நமக்கு ஏன் இவ்வளவு கொஞ்சமா தெரியுது: அடிக்கடி கேக்குற கேள்விகள்

இலங்கையில தேயிலத் தோட்டம் இருக்க மலையகத்துல, ஹட்டன் பக்கம் பிள்ளைங்களுக்கு வரலாறும் புவியியலும் டியூஷன் சொல்லிக் குடுக்குறேன். பிள்ளைங்க கேக்குறது, கூட்டிட்டு போக வார அம்மா அப்பா வாசல்ல நின்னு கேக்குறது, தமிழ்நாட்டுல இருக்க சொந்தக்காரங்க ஃபோன்ல கேக்குறது எல்லாத்தையும் ஒண்ணா சேத்து பதில் எழுதியிருக்கேன். சில பதில் நீளம், பொறுத்துக்கோங்க.

பக்கத்து நாடுன்னா மொதல்ல எதெல்லாம்?

கடல் தாண்டினா ஒடனே வாரது ரெண்டு தான், இந்தியாவும் மாலைதீவும். அத விட்டா தெற்காசிய நாடுங்களோட கூட்டமைப்பான சார்க்ல நம்ம கூட இருக்க மத்த நாடுங்க, பங்களாதேஷ், பாகிஸ்தான், நேபாளம், பூட்டான், ஆப்கானிஸ்தான். மியன்மார் சார்க்ல இல்ல, ஆனா வங்காள விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்குறதால நான் அதையும் சேத்துக்குவேன்.

சார்க் 1985ல டாக்காவுல ஆரம்பிச்சது. தலைவருங்க கடைசியா ஒண்ணா கூடினது 2014ல காத்மண்டுவுல. 2016ல இஸ்லாமாபாத்ல நடக்க இருந்தது, இந்தியா வரமாட்டேன்னு சொன்னதும் மத்தவங்களும் ஒவ்வொருத்தரா வெலகி நின்னு போச்சு, அதோட சரி. இந்த நாடுங்க தங்களுக்குள்ள செய்யிற யாவாரம் அவங்க மொத்த யாவாரத்துல 5 சதவீதம் அளவு தான்னு உலக வங்கி சொல்லிகிட்டே இருக்கு. யாவாரமும் இல்ல, தலைவருங்க கூடுறதும் இல்ல, நம்ம ஆளுங்களுக்கு மட்டும் எங்கேருந்து பழக்கம் வரும்?

இந்தியாவ பத்தி நமக்கு நல்லாவே தெரியுமே?

தமிழ்நாட்ட தெரியும், அதுலயும் சென்னையும் சினிமாவும் தெரியும். ராத்திரி ஏழு மணிக்கு மேல எந்த லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசல்ல நின்னாலும் ஒரே சீரியல் சத்தம் தான், மாமியார் எந்த எபிசோட்ல வெஷம் வச்சான்னு கேட்டா ஒடனே பதில் வரும். கேரளாவுக்கு முதலமைச்சர் யாருன்னு கேளுங்க, ஒடிசா எந்தப் பக்கம்னு கேளுங்க, அப்ப தெரியும்.

ஒரு தடவ பிள்ளைங்களுக்கு பேர் போடாத இந்தியா வரைபடத்த குடுத்து தெரிஞ்ச ஊர குறிக்க சொன்னேன். சென்னை, மதுர, திருச்சி சரியா வந்துச்சு, அதுக்கு பிறகு மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூர், எல்லாம் ஐபிஎல் டீம் இருக்க ஊரு. ஒரு பிள்ள டெல்லிய தூக்கி காஷ்மீர் இருக்க எடத்துல வச்சிருந்துச்சு. அசாம்ல நம்மள மாதிரியே தோட்டத்து சனம் லட்சக்கணக்குல இருக்காங்கன்னு சொன்னப்ப பின்னால இருந்து ஒருத்தன் 'அங்க டீமே இல்லயே சேர்'னு கேட்டான். சிரிப்பு வந்துச்சு, ஆனா அவன் சொன்னதுல தான் விசயமே இருக்கு. எதக் காட்டினா யாருக்காவது காசு வருதோ அது நம்ம வீடு வரைக்கும் வருது. தோட்டத்து சனத்த காட்டி யாருக்கு காசு?

சிங்கள ஆளுங்களுக்கு நம்மள விட கூட தெரியுமா?

கூடன்னு சொல்ல ஏலாது, வேற எடம் தெரியும். அவங்க தம்பதிவ யாத்திரைன்னு போறது புத்தகயா, சாரநாத், குசிநகர், அப்புறம் எல்லை தாண்டி நேபாளத்துல லும்பினி. பீகார் ரோட்டுல எங்க பஸ்ஸ நிப்பாட்டினா நல்ல சாப்பாடு கெடைக்கும்னு சொல்ற சிங்கள ஆச்சிமாரு டவுன்ல இருக்காங்க. நம்ம ஆளுங்க போறது ராமேஸ்வரம், மதுர, பழனி, திருச்செந்தூர், மால போட்டவங்க சபரிமல, வேதக்காரங்க வேளாங்கண்ணி. ரெண்டு பேரும் 'இந்தியாவுக்கு போய்ட்டு வந்தோம்'னு தான் சொல்வாங்க, ஆனா ஒருத்தர் பாத்த ஊர ஒருத்தர் பாத்திருக்க மாட்டாங்க. சாமி இருக்க எடம் வரைக்கும் தான் ரோடு தெரியும்.

தமிழ்நாட்டுல போய் மலையகம்னு சொன்னா ஏன் முழிக்கிறாங்க?

எல்லாரும் இல்ல, ஆனா நெறைய பேர். 'சிலோனா, அப்ப யாழ்ப்பாணமா'னு கேப்பாங்க, இல்லன்னா 'அப்ப கொழும்பா'னு கேப்பாங்க, அதோட அவங்க கையில இருக்க ஊர் முடிஞ்சிரும். கண்டின்னு சொன்னா எம்ஜிஆர் பொறந்த ஊருன்னு தெரியும், முரளிதரன தெரியும்.

அவங்க மேல கோவப்பட ஒண்ணும் இல்ல. 1983ல இருந்து 2009 வரைக்கும் இலங்கைன்னு அவங்க பேப்பர்ல வந்ததெல்லாம் யுத்தம். அதுக்கு பிறகு வாரது மீனவர் பிரச்சினையும், 1974ல நம்ம பக்கம் வந்த கச்சதீவும். இந்த எதுலயும் நம்ம இல்ல. நம்ம கத அதுக்கு முந்தினது. 1823ல இருந்து கோப்பித் தோட்டத்துக்கு கூட்டிட்டு வந்தாங்க, 1869ல கோப்பிக்கு நோய் வந்து அழியவும் தேயில வந்துச்சு. சுதந்திரம் கெடைச்ச அதே 1948ல குடியுரிமைச் சட்டம் ஒண்ணு போட்டு நம்மள நாடில்லாத ஆளா ஆக்கினாங்க. 1964 ஒக்டோபர் 30 இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேர் கணக்கு போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கேன்னு பிரிச்சாங்க, மிச்ச ஒன்றர லட்சத்த 1974ல பாதி பாதியா பிரிச்சிகிட்டாங்க. கணக்குல இருந்த ஒருத்தர் கிட்டயும் எங்க இருக்க விருப்பம்னு கேட்டு ஒப்பந்தம் எழுதல.

இதுல கொடுமை என்னன்னா அப்படி போனவங்க அங்க தான் இருக்காங்க. நீலகிரியில கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் போனா 'சிலோன்காரங்க'ன்னு சொல்லுவாங்க. அவங்களுக்கு வேல குடுக்கத்தான் தமிழ்நாடு அரசாங்கம் 1968ல டான்டீ தேயிலத் தோட்டத்த ஆரம்பிச்சது. ஊட்டிக்கு ஹனிமூன் போறவங்க அந்த தோட்டத்துல நின்னு ஃபோட்டோ எடுப்பாங்க, கொழுந்து எடுக்குற பாட்டி எங்க பொறந்தாங்கன்னு கேக்க மாட்டாங்க. மஸ்கெலியாவுலயோ பதுளையிலயோ பொறந்திருப்பாங்க.

முந்தி காலத்துலயும் இப்படித்தானா?

இல்ல, முந்தி இத விட நல்லா தெரிஞ்சிருந்துச்சு. இத சொன்னா பிள்ளைங்க நம்ப மாட்டேங்குறாங்க.

1914ல இருந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடிச்சு. அந்தப் பக்கம் கோச்சியில (ரயில்ல) எறங்கி கப்பல் ஏறி இந்தப் பக்கம் எறங்கினா தலைமன்னார்ல கோச்சி நிக்கும், ஒரே டிக்கட்ல வரலாம். இடையில கடல் 30 கிலோமீட்டர் சொச்சம் தான். தோட்டத்து ஆளுங்கள மண்டபம் கேம்ப்ல மறிச்சு வச்சு டாக்டர் பாத்து தான் அனுப்புவாங்க, சொகமான பயணம்னு சொல்ல வரல. ஆனா ஊர்ல கல்யாணம்னா போய்ட்டு வந்தாங்க, அந்த ஊர்ல மழ பெஞ்சுச்சா, யார் செத்தாங்க, நெல்லு என்ன வெலன்னு இங்க லயத்துல தெரியும்.

1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல தனுஷ்கோடி அழிஞ்சுச்சு, பாம்பன்ல இருந்து போன பாசஞ்சர் கோச்சிய ஆளுங்களோட கடல் அடிச்சிட்டு போச்சு. ஒப்பந்தம் கையெழுத்தாகி ரெண்டு மாசம் கூட ஆகல. அதுக்கு பிறகு தலைமன்னாருக்கும் ராமேஸ்வரத்துக்கும் கப்பல் விட்டு தான் நம்ம ஆளுங்கள ஏத்தி அனுப்பினாங்க. மலையில இருந்து அவங்கள கொண்டு போன கோச்சிக்கு அழுகைக் கோச்சின்னே பேர். யுத்தம் வந்ததும் அந்தக் கப்பலும் நின்னுச்சு.

இன்னொன்னு ரேடியோ. 1952ல இந்தியாவுல கேஸ்கர்னு ஒரு மந்திரி அகில இந்திய வானொலியில சினிமாப் பாட்ட ஏறக்கொறைய நிப்பாட்டிட்டாரு. ஒடனே இந்தியா முழுக்க இலங்கை வானொலிய திருப்பினாங்க. தமிழ்நாட்டுல இன்னைக்கு எழுவது வயசுக்காரங்க கிட்ட அந்த வானொலி அறிவிப்பாளருங்க பேர, மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத்னு சொல்லிப் பாருங்க, மொகம் மாறும். அப்ப அவங்க நம்மள கேட்டாங்க, இப்ப நாம அவங்கள பாக்குறோம்.

2023 ஒக்டோபர்ல நாகப்பட்டினத்துல இருந்து யாழ்ப்பாணத்து காங்கேசன்துறைக்கு கப்பல் விட்டாங்க, எடையில நின்னு 2024 ஆகஸ்ட்ல திரும்ப ஓடிச்சு. நல்ல விசயம் தான். ஆனா நம்ம பக்கத்து பொகவந்தலாவையில இருந்து காங்கேசன்துறை போறதுக்குள்ள பாதி உசுரு போயிரும், அதுக்கு கட்டுநாயக்க போய் பிளேன் ஏறுறது லேசு. இங்கேருந்து கட்டுநாயக்க போற நேரத்துல கட்டுநாயக்கவுல இருந்து சென்னைக்கு போய் திரும்பியே வந்துரலாம்.

ஸ்கூல்ல சொல்லிக் குடுக்குறது இல்லயா?

தரம் 10, 11 வரலாறு புத்தகத்த எடுத்து பாருங்க. அனுராதபுரம், பொலன்னறுவ, கண்டி ராசாக்கள் முடிஞ்சு வெளிய போனா நேரா ஐரோப்பா. மறுமலர்ச்சி, கைத்தொழில் புரட்சி, அமெரிக்க சுதந்திரப் போர், பிரெஞ்சு புரட்சி, ரஷ்ய புரட்சி, ரெண்டு உலகப் போர். பாஸ்டில் சிறைய ஒடைச்ச வருசம் 1789னு எங்க பிள்ளைங்க தூக்கத்துல கேட்டாலும் சொல்லும். 1971ல பங்களாதேஷ் எப்படி பொறந்துச்சுன்னு கேட்டா முழிக்கும். அந்த வருசம் இந்தியா தன் வானத்துல பாகிஸ்தான் பிளேன் பறக்கக் கூடாதுன்னு சொன்னதால மேற்கு பாகிஸ்தான்ல இருந்து கெழக்குக்கு போன பிளேனுங்க கட்டுநாயக்கவுல எறங்கி எண்ண அடிச்சிட்டு போச்சு. நம்ம நாட்டு மண்ணுல நடந்தது இது.

மாலைதீவு? அங்க ரிசோட் தவிர என்ன இருக்கு?

உங்க வீட்டு சம்பல்ல இருக்கு. மாசி எங்கேருந்து வந்த சாமான்? சூர மீன அவிச்சு, பொகையில வாட்டி, கல்லு மாதிரி ஆகுற வரைக்கும் வெயில்ல காயப்போடுறது, நூத்துக்கணக்கான வருசமா அங்கேருந்து தான் இங்க வந்துச்சு. இப்ப இங்கயும் செய்யிறாங்க, இருந்தாலும் மாலைதீவு மாசின்னா தனி வெல.

அந்த நாட்டுல 1,190க்கு மேல தீவு, ஆளுங்க இருக்கது அதுல ஒரு 200க்கு கிட்ட தான். 1965ல சுதந்திரம். திவேகி பாஷ சிங்களத்துக்கு சொந்தம், ஆனா வலது பக்கத்துல இருந்து எழுதுவாங்க. வைத்தியத்துக்கும் பிள்ளைங்க படிப்புக்கும் கொழும்புல வந்து குடியிருக்க மாலைதீவு குடும்பம் நெறைய, நம்ம பெடியங்க அங்க ஹோட்டல்ல வேல செய்யிறாங்க. அப்புறம் நெறைய பேருக்கு தெரியாத ஒண்ணு, 1988 நவம்பர்ல அந்த நாட்டு அரசாங்கத்த கவுக்க கூலிக்கு போனது இங்கேருந்து போன, புளொட்னு ஒரு தமிழ் ஆயுத இயக்கத்து ஆளுங்க. மாலே டவுன்ல எறங்கி சுட்டாங்க, அன்னைக்கே ராத்திரி இந்தியா ராணுவத்த பிளேன்ல எறக்கி அடக்கிச்சு. அவங்க வரலாறுல தமிழ் ஆளுங்கன்னா அது ஒரு பக்கமா இருக்கு, நமக்கு அப்படி ஒண்ணு நடந்ததே தெரியாது.

பங்களாதேஷ்க்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

இது தான் நான் ரொம்ப நேரம் பேசுற கேள்வி.

பங்களாதேஷ்ல மொத்தம் 160க்கு மேல தேயிலத் தோட்டம் இருக்கு, அதுல கூட இருக்கது சில்ஹெட், மௌல்விபஜார் பக்கம், சிறிமங்கல்னு ஒரு டவுனும் அங்க தான். வெள்ளக்காரன் 1854ல அங்க மால்னிச்சரான்னு மொத தோட்டத்த போட்டான். வேலைக்கு ஆளுங்கள ஒடிசா, பீகார், ஜார்கண்ட்னு இப்ப சொல்ற பக்கத்துல இருந்து கூட்டிட்டு வந்தான், நம்மள திருச்சி, சேலம், புதுக்கோட்ட பக்கம் இருந்து கூட்டிட்டு வந்த மாதிரியே. அங்கயும் லயன், தோட்டத்துக்குள்ளயே பொறந்து தோட்டத்துக்குள்ளயே சாகுறது, அங்கயும் சுத்தி இருக்க பெரும்பான்மை ஆளுங்களுக்கு இவங்க பேசுற பாஷ வேற, கும்புடுற சாமி வேற. காணியும் சொந்தம் இல்ல.

1921ல அந்தப் பக்கத்து தோட்ட ஆளுங்க ஆயிரக்கணக்குல வேலைய விட்டுட்டு சொந்த ஊருக்கே போறோம்னு நடக்க ஆரம்பிச்சாங்க. கோச்சியில டிக்கட் குடுக்கல. ரயில் பாத வழியா நடந்தே சாந்த்பூர் துறைக்கு வந்து கப்பல் ஏற நின்னப்ப மே 20 அன்னைக்கு கூர்க்கா சிப்பாய்ங்கள வச்சு அடிச்சு ஆத்துல தள்ளினாங்க. எத்தன பேர் போனாங்கன்னு ஒழுங்கான கணக்கே இல்ல. இப்பவும் அங்க தோட்ட ஆளுங்க அந்த நாள அனுஷ்டிக்கிறாங்க. இத நான் வகுப்புல சொன்னப்ப எப்பவும் ஜன்னல் பக்கம் பாத்துகிட்டு இருக்க பிள்ள கூட திரும்பி பாத்துச்சு.

2022 ஆகஸ்ட்ல அங்க பெரிய ஸ்ட்ரைக். ஒரு நாள் சம்பளம் 120 டாக்கா, 300 கேட்டாங்க, ஏறக்கொறைய மூணு கெழம கொழுந்து எடுக்கல, கடைசியில பிரதமர் தலையிட்டு 170 ஆச்சு. இங்க நாம ஆயிரம் ரூவாக்காக வருசக்கணக்குல கத்தி 2021ல சம்பள சபை மூலமா வாங்கினோம், 2024ல 1,350 ஆச்சு. ரெண்டு எடத்துலயும் கேட்டதும் ஒண்ணு, கெடைச்ச பதிலும் ஒண்ணு. அந்த மூணு கெழமையில இங்க ஒரு தொழிற்சங்கமாவது அவங்களுக்காக ஒரு மேடை போட்டதா எனக்கு காதுல விழல.

அரசாங்கத்துக்கு மட்டும் நல்லா தெரியும். 2021ல டொலர் இல்லாம தவிச்சப்ப பங்களாதேஷ் கிட்ட 200 மில்லியன் டொலர் கைமாத்து வாங்கினாங்க, 2023ல குடுத்து முடிச்சாங்க.

தோட்டத்து ஆளுங்கள பத்தி சொல்றீங்க, இந்தியாவுலயும் தமிழ் தோட்டம் இருக்கா?

மூணாறு. கேரளாவுக்குள்ள, ஆனா மலையில தமிழ் தான். நம்ம பாஷ, நம்ம பேரு, நம்ம மாரியம்மன். 2015 செப்டம்பர்ல போனஸ கொறைச்சதுக்கு பொம்பளைங்க ஆயிரக்கணக்குல ரோட்டுல உக்காந்து, பேச வந்த ஆம்பள தொழிற்சங்கத் தலைவருங்கள நீங்க வேணாம் போங்கன்னு வெரட்டி விட்டு, தாங்களே பேசி 20 சதவீதத்த வாங்கினாங்க. பெம்பிளை ஒருமைன்னு பேர் வச்சாங்க. நம்ம தலைவருங்க அந்த செய்திய இங்க பரப்பாததுக்கு காரணம் நான் சொல்ல தேவையில்ல.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறுக்கு மேல பெட்டிமுடியில மண் சரிஞ்சு லயத்தோட 70 பேர மூடிச்சு. நம்ம கொஸ்லந்த பக்கம் மீரியபெத்தயில மண் சரிஞ்சது 2014 ஒக்டோபர் 29. ரெண்டு எடத்துலயும் சரிவுக்கு கீழ லயம், ரெண்டு எடத்துலயும் செத்தது தமிழ் தோட்ட குடும்பம். கொஸ்லந்தையில ஆள் பறிகுடுத்தவங்களுக்கு பெட்டிமுடின்னா என்னன்னு தெரியாது, அங்க இருக்கவங்களுக்கு மீரியபெத்தன்னா தெரியாது. பாஷ ஒண்ணா இருந்தும் கூட.

யாருக்குமே தெரியாதுன்னு சொல்றீங்களா?

கம்பெனிக்கு தெரியும். கொழும்பு தேயில ஏலத்துல இருக்க ஆளு கிட்ட கொல்கத்தாவுல என்ன வெல, மொம்பாசாவுல என்ன வெல, அசாம்ல மழ எப்படின்னு கேளுங்க, வாரா வாரம் ரிப்போட் இருக்கு. சம்பளப் பேச்சுவார்த்தையில உக்காந்தா மொத வார்த்த 'கென்யாவுல, அசாம்ல ஒரு ஆள் இத்தன கிலோ எடுக்குறாங்க, நீங்க 18 கிலோவுக்கே இழுக்குறீங்க'ன்னு வரும். அந்த மேசைக்கு அந்தப் பக்கம் பக்கத்து நாட்டு கணக்கு இருக்கு, இந்தப் பக்கம் இல்ல. அங்க மரம் எவ்வளவு எளசு, நெலம் எப்படி, ஒரம் எவ்வளவு போடுறாங்க, வீடு காணி என்ன குடுக்குறாங்கன்னு திருப்பி கேக்க நம்ம ஆளுங்க கையில ஒரு தாளும் இல்ல. இதெல்லாம் தெரிஞ்சு என்ன லாபம், கொழுந்து கூடவா வளரும்னு ஒரு அண்ணே கேட்டாரு, அவருக்கும் இதே பதில் தான்.

பாகிஸ்தான்?

நுவரெலியா பக்கம் கேட்டா பாகிஸ்தான்னா கெழங்கு. நம்ம கெழங்கு அறுவட நேரம் பாத்து அந்த கெழங்கு வந்து எறங்கி வெல விழுந்துரும்னு தோட்டம் போடுறவங்க திட்டுவாங்க. மத்தவங்களுக்கு கிரிக்கெட், 1996ல கப் தூக்கின லாகூர், 2009ல நம்ம டீம் பஸ்ஸ சுட்ட அதே லாகூர். இங்கேருந்து தானமா போன கண்ணு அந்த நாட்டுல ஆயிரக்கணக்கான பேருக்கு பார்வ குடுத்திருக்குன்னு அங்க தெரிஞ்ச அளவு இங்க தெரியாது.

வெளிநாடு போய்ட்டு வந்தவங்களுக்கு தெரியுமே?

அவங்களுக்கு தான் உண்மையாவே தெரியும், யாரும் கேக்குறது தான் இல்ல. எங்க லயத்துல ஒரு அக்கா குவைத்ல வீட்டு வேல செஞ்சிட்டு வந்தவங்க. அதே வீட்டுல ஒரு நேபாளத்து புள்ள சமையலுக்கு. இவங்களுக்கு நேபாளி தெரியாது, அதுக்கு தமிழ் தெரியாது, ரெண்டு பேரும் ஒடைஞ்ச அரபியில தான் குடும்பக் கத பேசியிருக்காங்க. தீவாளிக்கு அவங்க ஊர்ல ஒரு நாள் காக்காவுக்கு சோறு வச்சு, அடுத்த நாள் நாய்க்கு மால போட்டு பொட்டு வைப்பாங்கன்னு அக்கா சொல்லுவாங்க. நாங்க கத விடுறாங்கன்னு நெனச்சோம், தேடிப் பாத்தா உண்மையிலயே திஹார்ல அப்படித்தான் செய்யிறாங்க. பக்கத்து நாட்டுக்காரங்க ரெண்டு பேர் பழகிக்க குவைத் வரைக்கும் போக வேண்டியிருக்கு.

இப்ப தான் ஃபோன் இருக்கே, எல்லாம் பாக்கலாமே?

பாக்கலாம், பாக்குறோமா? நேத்து பாத்தத தான் ஃபோன் இன்னைக்கும் காட்டும். எப்பவாவது எதாவது எரிஞ்சா தான் பக்கத்து நாடு ஸ்க்ரீனுக்கு வரும். 2024 ஆகஸ்ட் 5 டாக்காவுல சனம் பிரதமர் மாளிகைக்குள்ள போய் மீன் கோழி எல்லாம் தூக்கிட்டு போனப்ப இங்க எல்லாரும் ஷேர் பண்ணினாங்க, 2022 ஜூலை 9 கொழும்புல ஜனாதிபதி மாளிகை நீச்சல் தடாகத்துல குதிச்சது ஞாபகம் வந்து சிரிச்சாங்க. ஒரு கெழம டாக்கா தெரிஞ்சுச்சு, அப்புறம் மறந்துருச்சு.

சரி, பாஸ்போட் கூட இல்லாத ஆளு எங்க ஆரம்பிக்கிறது?

வீட்டுல இருக்க கெழவன் கெழவி கிட்ட பூர்வீக ஊர் பேர கேட்டு எழுதி வைங்க, அவங்க போய்ட்டா அதுவும் போயிரும். கோத்தகிரி, கூடலூர் பக்கம் சொந்தம் இருந்தா கல்யாணம் கருமாதிக்கு மட்டும் இல்லாம சும்மாவும் ஃபோன் எடுங்க, அங்க ஒரு கிலோ பச்சக் கொழுந்துக்கு என்ன குடுக்குறாங்கன்னு கேளுங்க. மூணாறு செய்தி தமிழ்லயே வருது. சிறிமங்கல் செய்தி வங்காளத்துல தான் கூட வரும், ஃபோன்லயே மொழிபெயர்த்து வாசிக்கலாம், தமிழ் கொஞ்சம் கோணலா இருக்கும், விசயம் புரியும். காசு சேத்து போறதா இருந்தா மாலைதீவுக்கு போய் எறங்கின எடத்துலயே 30 நாளைக்கு விசா குத்துவாங்க, ஆனா அங்க தங்குற செலவ கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

இதெல்லாம் சாதாரண தர பரீட்ச பேப்பருக்கு வருமா சேர்?

வராது. பிரெஞ்சு புரட்சியும் ரஷ்ய புரட்சியும் தான் வரும், மொதல்ல அத ஒழுங்கா படிங்க.